தோற்றமும் பொருளும்: கிறிஸ்துமஸ் வழக்கங்களின் புறச்சமய வேர் குறித்த விவாதமும் கம்பம் பள்ளத்தாக்கின் இரு கிறித்தவ மரபுகளும்

ஆய்வுச் சுருக்கம்

கிறிஸ்துமஸ் நாளும் அதனோடு இணைந்த மரம், விளக்கு, விருந்து முதலிய வழக்கங்களும் புறச்சமயங்களிலிருந்து வந்தவை. ஆகவே கிறித்தவர் அவற்றை விலக்க வேண்டும் என்னும் கருத்து தமிழகச் சபைகளில் ஆண்டுதோறும் மார்கழியில் எழுகிறது. இக்கட்டுரை அக்கருத்தின் வரலாற்றுச் சான்றுகளை மதிப்பிடுகிறது. அடுத்து, இதே வினா தமிழ் மண்ணில் 17ஆம் நூற்றாண்டு முதல் எவ்வெவ்வாறு எழுப்பப்பட்டது என்பதை மதுரை மிஷன், தஞ்சை லுத்தரன் சபை, அமெரிக்கன் மதுரை மிஷன் ஆகியவற்றின் வரலாற்றைக் கொண்டு ஆராய்கிறது. ஒரு வழக்கத்தின் தோற்றம் அதன் இன்றைய பொருளைத் தீர்மானிப்பதில்லை என்பதும், 'புறச்சமய வழக்கம்' பற்றிய தமிழ்க் கிறித்தவ விவாதங்களில் மிகக் கடுமையான சோதனையாக அமைந்தது சாதியே என்பதும் இக்கட்டுரையின் முடிவுகள். கட்டுரை கிறித்தவ நோக்கிலிருந்து எழுதப்பட்டது.

திறவுச்சொற்கள்: கிறிஸ்துமஸ், புறச்சமயம், மதுரை மிஷன், மலபார் சடங்குகள், அமெரிக்கன் மதுரை மிஷன், சாதி, பொங்கல், கம்பம் பள்ளத்தாக்கு.

1. முன்னுரை

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் பண்ணைப்புரம். இசையமைப்பாளர் இளையராஜாவின் பிறந்த ஊர் என்ற வகையில் தமிழகம் முழுவதும் அறியப்பட்டது. இவ்வூரை உள்ளடக்கிய கம்பம் பள்ளத்தாக்கில் மார்கழி மாதம் பல சமயத்தாருக்கும் உரிய மாதமாக விளங்குகிறது. வைகறையில் வாசல்தோறும் கோலமிடப்படுகிறது. கோயில்களில் திருப்பாவையும் திருவெம்பாவையும் ஒலிக்கின்றன. அதே நாட்களில் கிறித்தவர் வீடுகளின் முகப்பில் காகித விண்மீன்கள் தொங்குகின்றன. டிசம்பர் 25 மார்கழியின் முதல் பத்து நாட்களை ஒட்டி வருகிறது. அதன்பின் மூன்று வாரங்களில் தைப்பொங்கல்.

இக்காலத்தில் கிறித்தவக் குடும்பங்களுக்குள்ளேயே ஒரு வினா எழுவதுண்டு. கிறிஸ்து பிறந்த நாள் மறைநூலில் குறிக்கப்படவில்லை. டிசம்பர் 25 உரோமரின் கதிரவன் விழா. மரம் செருமானியரின் மர வழிபாடு. எனவே இவை கிறித்தவருக்கு ஆகா என்பர் சிலர். யெகோவாவின் சாட்சிகள் இக்காரணம் பற்றியே கிறிஸ்துமஸைக் கொண்டாடுவதில்லை. பெந்தெகொஸ்தே மரபுச் சபைகள் சிலவற்றிலும் இக்கருத்து உண்டு. இவ்வாதத்தை ஏற்பவர் அடுத்து வாசற்கோலத்தையும் பொங்கற்பானையையும் பூச்சூடுதலையும் அதே அளவுகோலால் அளக்கத் தொடங்குகின்றனர். தலைமுறைகளாகச் செய்துவந்ததைத் 'தவறு' எனக் கேட்க நேரும் முதியோரின் மனவருத்தமும், மறைநூலுக்கு உண்மையாயிருக்க விரும்பும் இளையோரின் மனச்சான்றும் இங்கே ஒன்றோடொன்று மோதுகின்றன. ஆகவே இவ்வினாவை எளிதில் புறந்தள்ளுதல் முறையாகாது.

2. 'புறச்சமயம்' என்னும் சொல்

விவாதத்தின் மையச்சொல் இலத்தீனில் 'பாகானுஸ்' என்பது. 'பாகுஸ்' என்றால் நாட்டுப்புறம்; பாகானுஸ் என்பவன் நாட்டுப்புறத்தான். நகரங்களில் கிறித்தவம் பரவிய 4ஆம் நூற்றாண்டில், கிறித்தவரல்லாதாரைக் குறிக்க இச்சொல் வழங்கலாயிற்று. அதனுள் சமய வேறுபாட்டோடு ஒருவகை இளக்காரமும் கலந்திருந்தது.

தமிழில் இதற்கு நேரான ஒரே சொல் இல்லை. புராட்டஸ்டண்டு விவிலியத்தில் 'புறஜாதியார்' என்றும் கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் 'பிற இனத்தார்' என்றும் வழங்குவன இசுரயேலர் அல்லாதாரைக் குறிப்பன. இவ்வரையறைப்படி தமிழ்க் கிறித்தவர் அனைவருமே புறஜாதியார்தாம். மிஷன் காலத் தமிழில் வழங்கிய 'அஞ்ஞானம்' என்னும் சொல்லோ பிற சமயத்தை அறியாமையாகக் கருதியது. எனவே "இது புறச்சமய வழக்கம்" என்னும் தொடர் தமிழில் சொல்லப்படும்போது மூன்று பொருள்கள் குழம்பி நிற்கின்றன: இசுரயேலுக்கு வெளியே தோன்றியது, பிற தெய்வத்துக்கு உரியது, இழிவானது. முதலாவது தோற்றம் பற்றியது. இரண்டாவது வழிபாடு பற்றியது. மூன்றாவது மதிப்பீடு. விவாதத்தின் குழப்பம் பெரும்பாலும் முதலாவதற்கான சான்றைக் காட்டி மூன்றாவதை நிலைநாட்ட முயல்வதால் விளைகிறது.

3. டிசம்பர் 25: சான்றுகள் கூறுவது

இயேசு பிறந்த நாளை நற்செய்தி நூல்கள் கூறவில்லை. டிசம்பர் 25ஐக் கிறிஸ்துவின் பிறப்பு நாளாகக் குறிக்கும் மிகத் தொன்மையான உறுதியான சான்று, உரோமில் கி.பி. 354இல் தொகுக்கப்பட்ட நாட்குறிப்புத் தொகுதியில் உள்ளது. அதிலுள்ள மறைச்சாட்சியர் பட்டியல் கி.பி. 336ஐச் சார்ந்தது என்பது அறிஞர் கருத்து. அதே தொகுதியின் மற்றொரு பகுதியில், அதே நாள் 'வெல்லப்படாதவரின் பிறப்பு' என்றும் அன்று 30 தேர்ப்பந்தயங்கள் நடைபெறும் என்றும் குறிக்கப்பட்டுள்ளது. 'வெல்லப்படாதவர்' என்றது கதிரவனை. பேரரசன் அவுரேலியன் கி.பி. 274இல் கதிரவனுக்கு உரோமில் கோயில் எடுத்தான் என்பதும் அறிந்த செய்தி. இவற்றை இணைத்து, கதிரவன் விழாவைத் திருச்சபை கைப்பற்றியது என்பது ஒரு விளக்கம்.

இதற்கு மாற்றான விளக்கமும் உண்டு. கிறிஸ்து இறந்த நாள் மார்ச்சு 25 என்னும் கணிப்பு தெர்த்துல்லியன் காலத்திலேயே, அதாவது 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, வட ஆப்பிரிக்காவில் இருந்தது. அவர் கருவுற்றதும் அதே நாளில் எனக் கொண்டால் பிறப்பு ஒன்பது மாதங்கள் கழித்து டிசம்பர் 25இல் அமையும். இக்கணிப்பு விளக்கத்தை ஆதரிப்போர், கிறித்தவர் துன்புறுத்தப்பட்ட காலத்தில் பிற சமய விழாவைக் கடன் வாங்கும் மனநிலை அவர்களிடம் இருந்திருக்க இயலாது என்பர். கதிரவன் விழாவை முன்னிட்டே நாள் மாற்றப்பட்டது என வெளிப்படையாகக் கூறும் குறிப்போ 12ஆம் நூற்றாண்டுச் சிரியக் கையெழுத்துப்படி ஒன்றின் ஓரத்தில்தான் காணப்படுகிறது. நிகழ்வுக்கும் குறிப்புக்கும் இடையே எண்ணூறு ஆண்டுகள்.

சாத்தூர்னாலியா விழா டிசம்பர் 17இல் தொடங்கி 23ஆம் நாளளவில் முடிவது. ஆகவே டிசம்பர் 25 அதன் நாள் அன்று. ஆயினும் அவ்விழாவின் விருந்தும் பரிசு வழங்குதலும் குளிர்காலக் கொண்டாட்டங்களில் தொடர்ந்தன என்பதை மறுக்க வேண்டியதில்லை.

இவ்விரு விளக்கங்களுக்கும் பொதுவான அடித்தளம் ஒன்று உண்டு. உரோமரின் மரபுக்கணக்கில் டிசம்பர் 25 கதிரவன் வடக்கு நோக்கித் திரும்பும் நாள். தை முதல் நாளும் அத்தகையதே. கதிரவன் மகர இராசியில் புகும் நாளை உத்தராயணத் தொடக்கமாகக் கொள்ளும் மரபு, அவ்விரண்டும் ஏறத்தாழ ஒருங்கே நிகழ்ந்த கி.பி. முதல் நூற்றாண்டுகளின் வானநிலையைப் பிரதிபலிக்கிறது. இன்று உண்மையான திருப்பம் டிசம்பர் 21 அல்லது 22இல் நிகழ்கிறது. இரு விழாக்களும் தத்தம் கணக்கின் காரணமாக அதனின்று விலகி நிற்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கின் கிறித்தவர் மூன்று வார இடைவெளியில் எதிர்கொள்ளும் இரு விழாக்களும் மனிதர் வானை நோக்கிக் காலத்தை அளந்த முயற்சியின் விளைவுகள். வானத்தின் அவ்வொழுங்கு எந்தச் சமயத்துக்கும் தனியுரிமை அன்று.

திருச்சபைத் தந்தையர் இவ்விணைவை அறியாதவர் அல்லர். கிறித்தவர் அந்நாளைக் கொண்டாடுவது கதிரவனுக்காக அன்று, கதிரவனைப் படைத்தவருக்காக என்று அகுஸ்தீன் தம் கிறிஸ்துமஸ் மறையுரையில் வேறுபடுத்தினார். 5ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை முதலாம் லியோ, பேதுரு பேராலயப் படிகளில் நின்று எழுஞாயிற்றை வணங்கிய கிறித்தவரைக் கண்டித்தார். விழா நாளை விடாமல் வழிபாட்டின் இலக்கைத் திருத்துவது இவ்விருவரின் நிலைப்பாடு.

4. மரமும் குடிலும்

கிறிஸ்துமஸ் மரம் பழஞ்செருமானியரின் மர வழிபாட்டின் நேரடித் தொடர்ச்சி என்பதற்குச் சான்று வலுவாக இல்லை. இன்றைய வடிவில் அது 16, 17ஆம் நூற்றாண்டுகளில் செருமானிய மொழி வழங்கிய கிறித்தவ நகரங்களில் காணப்படுகிறது. 1605ஐச் சார்ந்த குறிப்பொன்று, ஸ்டிராஸ்பர்க் நகரத்தார் வீட்டறைகளில் மரம் நட்டுக் காகித ரோசாக்கள், ஆப்பிள்கள் முதலியவற்றைத் தொங்கவிட்டதைக் கூறுகிறது. டிசம்பர் 24 ஆதாம் ஏவாள் நினைவுநாள். அன்று நடிக்கப்பட்ட நாடகத்தின் விலக்கப்பட்ட மரமே இதன் முன்வடிவம் என்பாரும் உளர். 1848இல் இலண்டன் இதழொன்று வெளியிட்ட விக்டோரியா அரசி குடும்பத்தின் ஓவியம் இவ்வழக்கத்தை ஆங்கில உலகில் பரப்பியது. தமிழகத்தில் சவுக்குக் கிளையில் பஞ்சு ஒட்டி வைக்கும் வழக்கம் இதன் வழிவந்தது. எரேமியா நூலின் பத்தாம் அதிகாரம் மரத்தைக் கண்டிப்பதாகக் காட்டுவர். ஆனால் அப்பகுதி பேசுவது மரத்தைச் செதுக்கிப் பொன்னும் வெள்ளியும் பூசி வணங்கும் உருவத்தைப் பற்றியது.

குடில் அமைக்கும் வழக்கத்துக்குப் பெரும் உந்துதல் 1223இல் அசிசியின் பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சியோவில் அமைத்த காட்சி. விண்மீன் மத்தேயு நற்செய்தியிலிருந்து வருவது. ஆகவே புறச்சமயத் தோற்றம் எனப் பொதுவாகக் கூறப்படுவனவற்றுள் சில அவ்வாறு ஆகலாம், சில ஆகா, சில ஐயத்துக்கு உரியன. எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடக்குதல் ஆய்வுமுறை ஆகாது.

5. மதுரை மிஷன்: முதல் தமிழ் விவாதம்

தமிழகத்தில் இவ்வினா கிறிஸ்துமஸை முன்னிட்டு முதலில் எழவில்லை. குடுமி, பூணூல், சந்தனம், நீராட்டு ஆகியவற்றை முன்னிட்டு எழுந்தது. 1606இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி, கிறித்தவராகும் தமிழர் இவற்றைக் கைவிட வேண்டியதில்லை என்றார். சமூக அடையாளமாக வழங்கும் வழக்கம் வேறு, தெய்வ வழிபாட்டுக்கே உரிய வழக்கம் வேறு என்பது அவர் வகுத்த பாகுபாடு. தம் நிலையை நிறுவ அவர் இலத்தீனில் எழுதிய நூல்களில், பண்டைத் திருச்சபை பிற சமயத்தாரின் வழக்கங்களை ஏற்றுத் திருத்திக்கொண்ட முன்மாதிரிகளை எடுத்துக்காட்டினார். அதாவது, ஐரோப்பியக் கிறித்தவம் தன் சொந்தப் புறச்சமய வேர்களோடு வாழ்வது போலத் தமிழ்க் கிறித்தவமும் வாழலாம் என்பது வாதம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், கி.பி. 601இல், திருத்தந்தை கிரகோரியார் இங்கிலாந்துப் பணியாளர் மெல்லிட்டுசுக்கு எழுதிய மடல் இக்கொள்கையின் புகழ்பெற்ற சான்று. கோயில்களை இடிக்காமல் உருவங்களை மட்டும் நீக்கி, புனித நீர் தெளித்து வழிபாட்டுக்குப் பயன்படுத்துமாறும், பலி விருந்தை இறைவனுக்கு நன்றி கூறும் விருந்தாக மாற்றுமாறும் அம்மடல் பணித்தது.

திருத்தந்தை 15ஆம் கிரகோரி 1623 சனவரியில் நொபிலியின் நிலைப்பாட்டை நிபந்தனைகளோடு ஏற்றார். நொபிலி வழங்கிய கிறித்தவத் தமிழ்ச் சொற்களிலும் இதே கொள்கை செயற்பட்டது. கோயில், பூசை, வேதம், குரு, அருள் முதலிய சொற்கள் சைவ வைணவ வழக்கிலிருந்து எடுக்கப்பட்டவை. இன்று புறச்சமய வழக்கத்தைக் கண்டிக்கும் தமிழ்ப் பிரசங்கியும் 'ஆலயம்', 'ஆராதனை', 'பக்தி' என்னும் சொற்களின்றிப் பேச இயலாது. ஞாயிறு என்னும் கோளின் பெயர் தாங்கிய நாளில்தான் அவரும் வழிபாட்டுக்குச் செல்கிறார்.

இக்கொள்கை நெடுநாள் நிலைக்கவில்லை. திருத்தந்தையின் தூதர் தெ தூர்னோன் 1704 சூனில் புதுச்சேரியில் பிறப்பித்த ஆணை, பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, திருமணத்தில் தேங்காய் உடைத்தல், பூப்புச் சடங்குக் கொண்டாட்டம் முதலியவற்றைத் தடைசெய்தது. 'மலபார் சடங்கு விவாதம்' எனப்படும் இச்சர்ச்சையை 1744இல் 14ஆம் பெனடிக்டு வெளியிட்ட ஆணை முடித்துவைத்தது. மிஷனரிகள் இவ்விதிகளைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. அவ்வுறுதிமொழி 1940இல்தான் நீக்கப்பட்டது.

தாலியின் வரலாறு இங்குக் கருதத்தக்கது. அது விலக்கப்படவில்லை, அதிலிருந்த உருவம் மாற்றப்பட்டது. இன்று சிலுவை பொறித்த தாலி அணியும் கிறித்தவப் பெண்களிடம் அதன் தோற்றத்தை வினவினால், அது தம் திருமணத்தின் அடையாளம் என்பதே விடையாக வரும். வடிவம் தொடர்ந்தது, பொருள் மாறியது.

6. கிறித்தவருக்குள் எழுந்த குற்றச்சாட்டு

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரிகளின் மரபினர், கத்தோலிக்கரின் சுரூபங்களையும் தேர்ப்பவனியையும் அஞ்ஞான வழக்கங்கள் என்றனர். வீரமாமுனிவரின் 'வேத விளக்கம்' இத்தகைய குற்றச்சாட்டுகளுக்கு விடையிறுக்க எழுந்த உரைநடை நூல். 'புறச்சமயம்' என்னும் குற்றச்சாட்டு கிறித்தவர் பிறரை நோக்கிச் சொல்வதாக மட்டும் இருக்கவில்லை. கிறித்தவர் கிறித்தவரை நோக்கி எறிந்த கல்லாகவும் இருந்தது என்பதற்கு இது சான்று.

ஒரு நூற்றாண்டின் பின் அதே குற்றச்சாட்டு லுத்தரன் மரபினரின் மேலேயே திரும்பியது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) சுவார்ச்சு ஐயரிடம் பயின்றவர். இரண்டாம் சரபோசி மன்னரின் மதிப்பைப் பெற்றவர். கிறிஸ்துவின் பிறப்பூரைப் பாட்டுடைப் பொருளாக்கிக் குறவஞ்சி என்னும் சிற்றிலக்கிய வடிவில் 'பெத்லெகேம் குறவஞ்சி' இயற்றியவர். 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிகள், பழைய சபையார் விழாக்களில் பூச்சூடுவதையும் ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனைகள் பாடுவதையும் எதிர்த்தபோது, அவற்றைக் கொடுமைகள் எனப் பட்டியலிட்டு அவர் கண்டித்தார். அப்பட்டியலில் விவிலிய மொழிபெயர்ப்பை மாற்றுவதும் இடம்பெற்றது. இன்று தமிழ்ப் புராட்டஸ்டண்டு ஆலயம் எதுவும் கீர்த்தனையின்றிக் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை. அவ்வகையில் வரலாறு சாஸ்திரியார் பக்கம் நின்றது.

ஆனால் அதே பட்டியலில் வேறொன்றும் இருந்தது. வெவ்வேறு சாதியாரை ஒருங்கே அமரவும் திருவிருந்தில் கலக்கவும் செய்ததையும் அவர் கொடுமை என்றே எழுதினார். பூவும் பாட்டும் சாதியும் ஒரே முறையீட்டில், ஒரே தன்மையனவாக, 'நம் வழக்கம்' என்னும் பெயரால் காக்கப்பட்டன. மறுபுறத்தில் மிஷனரிகளோ இம்மூன்றையும் 'அஞ்ஞான வழக்கம்' என்னும் ஒரே பெயரால் எதிர்த்தனர். இரு தரப்பாரும் வேறுபடுத்த வேண்டியதை வேறுபடுத்தவில்லை.

7. எழுப்பப்படாத வினா

இப்பிழை தஞ்சைக்கு மட்டும் உரியதன்று. நொபிலியின் பாகுபாட்டில் சாதி 'சமூக வழக்கம்' என்னும் பிரிவில் வைக்கப்பட்டது. அதன் விளைவாக 1640 முதல் மதுரை மிஷனில் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கெனப் பண்டார சுவாமிகள் என்னும் தனிப்பிரிவுக் குருக்கள் ஏற்பட்டனர். தூர்னோனின் ஆணை, நோயுற்ற பறையர் கிறித்தவரின் வீட்டுக்கே சென்று அருளடையாளங்களை வழங்க வேண்டும் என்று பணித்தது. அவ்வாணையில் தேங்காயையும் தாலியையும் பற்றிய விதிகள் காலப்போக்கில் ஏதோ ஒரு வகையில் நடைமுறைக்கு வந்தன. மிகக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது வீட்டுக்குள் நுழைவது பற்றிய இவ்விதியே. 1744ஆம் ஆண்டின் தீர்வு, பறையருக்கெனத் தனி மிஷனரிகளை நியமிக்கும் ஏற்பாட்டை ஒப்புக்கொண்டது. பிள்ளையார் உருவம் புறச்சமயம் எனக் களையப்பட்டது. வாசற்படி தாண்டாமை பொறுத்துக்கொள்ளப்பட்டது. நெல்லைப் பகுதியின் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது.

ஒரு வழக்கத்தின் புறச்சமயத் தோற்றமே அதனை விலக்கப் போதிய காரணம் என்றால், தமிழ்க் கிறித்தவம் முதலில் விலக்கியிருக்க வேண்டியது எது என்னும் வினா இங்கு எழுகிறது. டிசம்பரில் சவுக்குக் கிளையைக் கண்டு கலங்கும் மனச்சான்று, திருமண விளம்பரத்தில் 'கிறித்தவர்' என்னும் சொல்லோடு சாதிப்பெயரையும் சேர்த்து அச்சிடுவதைக் கண்டு கலங்குவதில்லை. தனித்தனிக் கல்லறைத் தோட்டங்களைக் கண்டும் கலங்குவதில்லை.

8. கம்பம் பள்ளத்தாக்கின் இரு மரபுகள்

கம்பம் பள்ளத்தாக்கில் இவ்விவாதத்தின் இரு முனைகளும் அருகருகே வாழ்கின்றன. ஒன்று, நொபிலியின் மதுரை மிஷனையும் 1838இல் மீண்டும் தொடங்கிய இயேசு சபைப் பணியையும் மரபாகக் கொண்ட கத்தோலிக்கம். இராயப்பன்பட்டியும் அனுமந்தன்பட்டியும் இப்பகுதியில் கத்தோலிக்கர் மிகுதியாக வாழும் ஊர்கள். அனுமனின் பெயர் தாங்கிய ஊரில் கத்தோலிக்கர் அப்பெயரை மாற்றாமலே வாழ்ந்துவருகின்றனர். இராயப்பன்பட்டிப் பனிமய மாதா ஆலயம் இவ்வட்டாரத்தில் பெயர்பெற்றது.

மற்றொன்று அமெரிக்கன் மதுரை மிஷன். யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்த இம்மிஷனுக்கு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெரியகுளம் ஒரு நிலையமாயிற்று. இம்மிஷனரிகள் நியூ இங்கிலாந்தின் சபைமுறைக் கிறித்தவர். அதாவது பியூரிட்டன் மரபினர். இங்கிலாந்தில் பியூரிட்டன்கள் செல்வாக்குப் பெற்றிருந்த நாடாளுமன்றம் 1647இல் கிறிஸ்துமஸ் விழாவை ஒழித்தது. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து சில்லிங் தண்டம். பாஸ்டன் நகரப் போதகர் இன்கிரீஸ் மேதர் 1687இல் வெளியிட்ட நூலில், டிசம்பர் கொண்டாட்டம் சாத்தூர்னாலியாவின் எச்சம் என வாதிட்டார். இன்றைய தமிழ்ப் பிரசங்கங்களில் கேட்கும் வாதங்கள் பலவற்றின் மூலவடிவம் இதுவே. மாசசூசெட்ஸில் கிறிஸ்துமஸ் அரசு விடுமுறையானது 1856இல். அப்போது அம்மாநிலத்தார் ஆதரித்த மதுரை மிஷனுக்கு அகவை இருபத்திரண்டு.

இம்மிஷனின் வரலாற்றில் நினைவுகூரத்தக்க ஆண்டு 1847. அவ்வாண்டில் சாதி பேணுவோர் சபைப் பொறுப்பில் நீடிக்க இயலாது என அது முடிவெடுத்தது. பிற சாதியார் சமைத்த உணவைச் சேர்ந்து உண்பதே சோதனையாக வைக்கப்பட்டது. மறுத்த உபதேசியார் பலர் பொறுப்பிழந்தனர். தோற்றத்தைக் கொண்டு வழக்கங்களை மறுத்த மரபு ஒன்று, தமிழகத்துக்கு வந்தபின், உணவுப்பந்தியையே அளவுகோலாகக் கொண்டது. அச்சோதனையைத் தமிழர்மேல் சுமத்திய முறையில் அயலாரின் அதிகாரம் கலந்திருந்தது என்பதையும், அதனால் சாதி ஒழிந்துவிடவில்லை என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் வினா சரியான இடத்தில் எழுப்பப்பட்டது.

1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, இச்சபைமுறை மரபினரும் ஆண்டுமுழுதும் விழாக்காலங்களை வகுத்துக் கொண்டாடும் ஆங்கிலிக்கன் மரபினரும் ஒரே சபையாயினர். கிறிஸ்துமஸைத் தண்டித்தவர்களின் ஆன்மிக வழித்தோன்றல்கள் இன்று கேரல் பவனி செல்கின்றனர். கத்தோலிக்கரிடையே, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின்பின் 1969இல் இந்திய வழிபாட்டுக்கு இசைவளிக்கப்பட்ட பன்னிரண்டு கூறுகள், ஆரத்தி முதலிய வழக்கங்களை ஆலயத்துக்குள் வரவேற்றன. பொங்கல் நாளில் ஆலய வளாகத்தில் பானை பொங்குவது இன்று பல பங்குகளில் இயல்பு.

இப்பள்ளத்தாக்கில் வழக்கங்கள் எதிர்த்திசையிலும் பயணம் செய்துள்ளன. 1887 முதல் 1895 வரை கட்டப்பட்ட முல்லைப்பெரியாறு அணையின் பொறியாளர் சான் பென்னிகுவிக் பிறந்தது 1841 சனவரி 15. அந்நாளைப் பொங்கலோடு இணைத்துப் பாலார்பட்டி உழவர் அவர் படத்தின் முன் பொங்கலிடுகின்றனர். இங்கிலாந்தின் பிரிம்லி தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்ட ஒருவருக்குத் தமிழ் உழவர் தம் நன்றியைத் தாம் அறிந்த வடிவில் செலுத்துகின்றனர். அவ்வடிவத்தின் தோற்றத்தை மட்டும் ஆராய்பவருக்கு அந்நன்றி புலப்படாது.

9. மறைநூல் தரும் அளவுகோல்

கிறித்தவ நோக்கில் இறுதி அளவுகோல் மறைநூல். அதில் இவ்வினாவுக்கு மிக நெருங்கியது சிலைகளுக்குப் படைத்த இறைச்சி பற்றிய விவாதம். கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலில் பவுல், சந்தையில் விற்கும் இறைச்சியின் தோற்றத்தை வினவ வேண்டியதில்லை என்கிறார். ஆனால் பிற தெய்வத்தின் பந்தியில் பங்கு கொள்வதைத் தடுக்கிறார். வலுவற்ற மனச்சான்று உடையவருக்கு இடறலாக உண்பதையும் தடுக்கிறார். நாட்களைப் பற்றி உரோமையருக்கு எழுதும்போது, ஒரு நாளைச் சிறப்பாகக் கருதுபவரும் கருதாதவரும் ஒருவரை ஒருவர் தீர்ப்பிடக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு. ஆகவே கிறிஸ்துமஸைக் கொண்டாடாதவரின் மனச்சான்றும் மதிக்கப்பட வேண்டும். அவரும் கொண்டாடுபவரைப் புறச்சமயத்தார் எனல் கூடாது.

பவுல் சினந்து வெளிப்படையாகக் கண்டித்த நிகழ்ச்சி வேறு. தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என அழைத்த பேதுரு, அந்தியோக்கியாவில் புறவினத்தாரோடு உண்டுகொண்டிருந்தவர், யூதர் சிலர் வந்ததும் பந்தியிலிருந்து விலகினார். கலாத்தியருக்கு எழுதிய மடலின் இரண்டாம் அதிகாரம் கூறும் இந்நிகழ்ச்சியில், இறைச்சியைப் பற்றிப் பொறுமையோடு வழிகாட்டிய அதே பவுல் சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை. பொருள்களின் தோற்றம் பொறுத்துக்கொள்ளத்தக்கது. மனிதரை அவர்தம் தோற்றம் கருதிப் பந்தியிலிருந்து விலக்குதல் நற்செய்திக்கே மாறானது என்பது இதன் கருத்து.

10. முடிவுரை

இவ்வாய்வில் கண்ட முடிவுகள் பின்வருமாறு:

அ. டிசம்பர் 25இன் தேர்வில் கதிரவன் விழாவின் தாக்கம் இருந்திருக்கலாம். அது ஒன்றே காரணம் என்பது நிறுவப்படவில்லை. மரத்தின் புறச்சமயத் தோற்றத்துக்குச் சான்று வலுவற்றது.

ஆ. வழக்கங்கள் வடிவத்தைத் தக்கவைத்துப் பொருளை மாற்றிக்கொள்ளும் என்பதைத் தாலி, குறவஞ்சி, கீர்த்தனை, பொங்கல் ஆகிய தமிழ்ச் சான்றுகள் காட்டுகின்றன. தோற்றத்தைக் கொண்டே ஒன்றன் தகுதியை முடிவு செய்தல் வரலாற்று நோக்கிலும் இறையியல் நோக்கிலும் பிழை.

இ. ஒரு வழக்கம் இன்று யாரை நோக்கிய வழிபாடாக உள்ளது, அது பிறர் மனச்சான்றுக்கு இடறலாகிறதா, அது யாரையேனும் புறந்தள்ளுகிறதா என்னும் மூன்றும் கேட்கத்தக்க வினாக்கள். தமிழ்க் கிறித்தவ வரலாறு முதல் வினாவில் மிகுந்த விழிப்போடும் மூன்றாம் வினாவில் மிகுந்த தயக்கத்தோடும் நடந்துகொண்டது.

பண்ணைப்புரம் சூழ்ந்த இப்பள்ளத்தாக்கின் கிறித்தவர், வாசலில் கோலமிடலாமா, மரம் வைக்கலாமா, பொங்கலிடலாமா எனக் கேட்பது நேர்மையான வினா. இடலாம் என்பதே இக்கட்டுரையாளரின் விடை. ஆனால் கிறிஸ்துமஸ் நாளில் சமைக்கும் உணவு ஊரின் எத்தெருவரை செல்கிறது, எத்தெருவிலிருந்து வரும் உணவு ஏற்றுக்கொள்ளப்படுகிறது என்னும் வினாவும் அதே நேர்மையோடு கேட்கப்பட வேண்டும். ஆலயப் பதிவேடுகள், கல்லறைத் தோட்டங்கள், விழாக்காலக் கொடைப் பட்டியல்கள் ஆகியவற்றைக் கொண்டு இவ்வினாவை ஊர்தோறும் ஆராய்வது அடுத்த நிலையில் செய்யத்தக்க பணி.